கூண்டுக்குள் ஒளிந்திருந்த நிறம்

நான்காவது குஞ்சு

தம்பின் பட்டணத்துக்கு வெளியே உள்ள ஒரு தோட்டப்புற வீட்டுக்குச் செல்வோம். அந்த வீட்டுத் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். இன்று அந்த மரங்கள் இல்லை. அவை நின்ற நிலத்தில் செம்பனை வளர்கிறது. ஓய்வுபெற்ற பின்னும் விடியற்காலையில் எழும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எழுந்ததும் அவர் முதலில் செல்லும் இடம் வீட்டின் பின்புறத் தாழ்வாரம். அங்கே ஒரு கூண்டு இருக்கிறது. அதில் ஓர் இணை ஜீப்ரா ஃபின்ச் குருவிகள் வாழ்கின்றன.

ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக வாழும் சிறு குருவி. அலகு முதல் வால் வரை அளந்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான் இருக்கும். நம் வயலோரங்களிலும் லாலாங் புல்வெளிகளிலும் பறக்கும் பிப்பிட் குருவிகள், அதாவது சில்லைகள், இதற்கு உறவு முறை. ஆண் குருவியின் முதுகு சாம்பல் நிறம். அதன் கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு இருக்கும். தொண்டையில் வரிக்குதிரையை நினைவூட்டும் கறுப்பு வெள்ளை வரிகள் ஓடும். விலாப்புறம் செம்பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு விளங்கும். பெண் குருவிக்கும் முதுகு சாம்பல்தான். ஆனால், கன்னப் பொட்டும் தொண்டை வரியும் இருக்கா.

தாத்தாவின் இணை முதல் ஈட்டில் மூன்று குஞ்சுகள் பொரித்தது. மூன்றும் பெற்றோரைப் போலவே சாம்பல். இரண்டாம் ஈட்டில் நான்கு முட்டைகள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நான்கும் பொரிந்தன. இறகு முளைக்கத் தொடங்கியபோதுதான் வியப்புக் காத்திருந்தது. மூன்று குஞ்சுகளுக்குச் சாம்பல் இறகு. நான்காவது குஞ்சுக்கு மட்டும் பாலூற்றிய தேநீரைப் போன்ற இளம்பழுப்பு இறகு!

படிவம் நான்கில் பயிலும் பேத்திதான் அதை முதலில் கண்டாள்.

“தாத்தா, இந்தக் குஞ்சு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு ஏதாவது நோயா?”

தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கூண்டருகே குனிந்தார். குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தது. தாய்க்குருவி அதற்கும் மற்றக் குஞ்சுகளுக்கும் வேறுபாடின்றி இரை ஊட்டியது.

“நோய் இல்லை, பாப்பா. நன்றாகத்தான் சாப்பிடுகிறது. ஆனால், தாயும் சாம்பல், தகப்பனும் சாம்பல். இந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்கும் விளங்கவில்லை.”

அந்தக் கேள்வியைப் பேத்தி மறுநாள் பள்ளிக்குக் கொண்டு சென்றாள்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பறவையின் நிறம் வண்ணக்குழம்பைப் போல மேலே பூசப்பட்டதன்று. அஃது இறகு வளரும்போதே அதனுள் சேர்கிறது. ஃபின்ச் குருவிகளின் நிறத்துக்கு இரு வகைப் பொருள்கள் முக்கியமானவை.

முதல் வகை மெலனின். இதைப் பறவையின் உடலே ஆக்கிக்கொள்கிறது. நம் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் தருவதும் இதுவே. மெலனினில் கருமை தருவது ஒன்று. செம்பழுப்புத் தருவது மற்றொன்று. இவ்விரண்டும் எந்த அளவில், இறகின் எந்தப் பகுதியில் சேர்கின்றன என்பதைப் பொறுத்துக் கறுப்பு, சாம்பல், பழுப்பு ஆகிய நிறங்கள் தோன்றுகின்றன.

இரண்டாம் வகை கரோட்டினாய்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களுக்குக் காரணமான இதைப் பறவையின் உடலால் புதிதாக ஆக்க முடியாது. விதை, கீரை, பழம் ஆகியவற்றிலிருந்தே அது கிடைக்க வேண்டும். ஜீப்ரா ஃபின்ச்சின் சிவந்த அலகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது தின்னும் தினையில் இருப்பது மஞ்சள் நிறக் கரோட்டினாய்டே. அதைச் சிவப்பாக மாற்றும் வேலையை உடலிலுள்ள ஒரு நொதி செய்கிறது. 2016ஆம் ஆண்டு, மஞ்சள் அலகோடு பிறந்த ஜீப்ரா ஃபின்ச்சுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள் அந்த நொதிக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். சி.ஒய்.பி.2ஜே19 என்பது அதன் பெயர். அந்த மரபணு பழுதுபட்டால், உணவு அதேதான் என்றாலும் அலகு சிவக்காது, மஞ்சளாகவே நின்றுவிடும்.

மரபணு என்பது உடலை உருவாக்குவதற்கான செய்தி. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அந்தச் செய்தி படியெடுக்கப்பட்டுச் செல்கிறது. படியெடுக்கும்போது எங்கோ ஓரிடத்தில் எழுத்து மாறிவிடுவதுண்டு. அந்த மாற்றத்தையே மரபணுப் பிறழ்வு என்கிறோம். கருமை நிற மெலனினை ஆக்கும் செய்தியில் பிறழ்வு நேர்ந்தால், கறுப்பு வர வேண்டிய இடத்தில் பழுப்பு வரும். சாம்பல் முதுகு இளம்பழுப்பாகிவிடும். இறகுக்கு நிறப்பொருளே வந்து சேராவிட்டால் குருவி வெள்ளையாகும். வெள்ளை ஜீப்ரா ஃபின்ச்சின் இறகில் நிறம் இராது. ஆனால், அதன் கண் கறுப்பாகவே இருக்கும். உடலெங்கும் மெலனினே இல்லாத பறவைக்குத்தான் கண் சிவந்து தோன்றும். வெளிப்பார்வைக்கு வெளிறிய நிறங்கள் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும், அவற்றின் காரணங்கள் வேறு வேறு.

வெண்பலகையில் ஒரு கணக்கு

பேத்தி சொன்னதைக் கேட்ட அறிவியல் ஆசிரியை ஒரு புன்னகையோடு வெண்பலகையின் பக்கம் திரும்பினார்.

“அந்தக் குஞ்சைப் பார்க்காமலே ஒன்று சொல்லட்டுமா? அது பெண் குஞ்சு.”

வகுப்பே வியந்தது. குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்து சில நாள்தான் ஆகிறது. அலகு இன்னும் கறுப்பாக இருக்கிறது. கன்னப் பொட்டு எந்தக் குஞ்சுக்கும் முளைக்கவில்லை. தாத்தாவுக்கே ஆண், பெண் அடையாளம் தெரியவில்லை. அப்படியிருக்க, ஆசிரியைக்கு எப்படித் தெரிந்தது?

ஆசிரியை விளக்கினார். மனிதரில் எக்ஸ், ஒய் என்னும் குரோமோசோம்கள் ஆண், பெண் வேறுபாட்டை முடிவு செய்கின்றன. பறவைகளில் அவற்றுக்கு இசட், டபிள்யூ என்று பெயர். ஆண் பறவைக்கு இரண்டு இசட் உண்டு. பெண் பறவைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. ஜீப்ரா ஃபின்ச்சின் சாம்பல், இளம்பழுப்பு நிறச் செய்தி இசட் குரோமோசோமில்தான் இருக்கிறது, டபிள்யூவில் இல்லை.

சாம்பல் ஓங்கு பண்பு. இளம்பழுப்பு ஒடுங்கு பண்பு. இரண்டும் ஒரே குருவியிடம் சேர்ந்தால் சாம்பல் மட்டுமே வெளியே தெரியும். இளம்பழுப்பு அழிந்துவிடாது, உள்ளே ஒளிந்திருக்கும். இந்த உண்மையைப் பட்டாணிச் செடிகளைக் கொண்டு முதலில் விளக்கியவர் கிரிகோர் மெண்டல். அவருடைய கட்டுரை 1866ஆம் ஆண்டு வெளிவந்தது.

பின்னர் ஆசிரியை, தந்தைக் குருவியின் இரண்டு இசட்டுகளில் ஒன்றின்மேல் ‘சா’ என்றும் மற்றொன்றின்மேல் ‘ப’ என்றும் எழுதினார். அது சாம்பலாகத் தெரிந்தாலும் பழுப்பைச் சுமக்கிறது. தாய்க் குருவியின் ஒரே இசட்டின்மேல் ‘சா’ என்று எழுதினார். அவற்றின் குஞ்சுகளுக்கு நான்கு வழிகள் உண்டு.

தந்தையிடமிருந்து ‘சா’, தாயிடமிருந்து ‘சா’ பெற்றால், சாம்பல் மகன்.
தந்தையிடமிருந்து ‘ப’, தாயிடமிருந்து ‘சா’ பெற்றால், பழுப்பை ஒளித்து வைத்திருக்கும் சாம்பல் மகன்.
தந்தையிடமிருந்து ‘சா’, தாயிடமிருந்து டபிள்யூ பெற்றால், சாம்பல் மகள்.
தந்தையிடமிருந்து ‘ப’, தாயிடமிருந்து டபிள்யூ பெற்றால், இளம்பழுப்பு மகள்.

நான்காவது வழியில் மட்டுமே பழுப்பு வெளியே வருகிறது. மகளுக்கு ஓர் இசட் மட்டுமே இருப்பதால், அதிலுள்ள ‘ப’வை மறைக்க மற்றொரு ‘சா’ இல்லை. மகனுக்கோ தாயிடமிருந்து எப்போதும் ஒரு ‘சா’ வந்துவிடும். எனவே, இந்த இணைக்குப் பழுப்புக் குஞ்சு பிறந்தால் அது மகளாகத்தான் இருக்கும்.

“நான்கில் ஒன்று என்றால், ஒவ்வொரு நான்கு முட்டைக்கும் ஒரு பழுப்பு உறுதியாக வருமா, டீச்சர்?” என்று ஒரு மாணவர் கேட்டார்.

“வராது. நாணயத்தைச் சுண்டுவது போலத்தான் இதுவும். ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்புப் புதிதாகத் தொடங்கும். முதல் ஈட்டில் மூன்றும் சாம்பலாக வந்ததும் அதனால்தான். நிறைய முட்டைகளைச் சேர்த்து எண்ணினால் கணக்கு நான்கில் ஒன்றுக்கு நெருங்கி வரும்.”

பேத்தி வீட்டுக்கு ஓடிச்சென்று தாத்தாவிடம் சொன்னாள். தாத்தா நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “பொறுத்துப் பார்ப்போம்” என்றார்.

ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் சாம்பல் குஞ்சுகளில் இரண்டு, தந்தையின் அருகில் அமர்ந்து கரகரப்பாகப் பாடிப் பழகத் தொடங்கின. ஜீப்ரா ஃபின்ச்சில் ஆண் மட்டுமே பாடும். தந்தையின் பாட்டைக் கேட்டே மகன் பாடக் கற்கும். அந்த இரண்டுக்கும் மெல்ல மெல்லக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு எழுந்தது. பழுப்புக் குஞ்சு பாடவில்லை. மூன்று மாதம் நிறைந்தபோதும் அதன் கன்னத்தில் பொட்டு இல்லை. தொண்டையில் வரியும் இல்லை. அது பெண்தான்!

“உன் டீச்சர் சொன்னது சரிதான், பாப்பா” என்றார் தாத்தா.

கூண்டில் மட்டும் ஏன்?

காட்டிலும் பிறழ்வுகள் நேர்கின்றன. ஆனால், அங்கே அவை பெருகுவதில்லை. காய்ந்த புல்லின் நிறத்தோடு ஒன்றிவிடும் குருவிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் குருவி இருந்தால், பருந்தின் கண்ணுக்கு அதுவே முதலில் படும். மேலும், ஆயிரக்கணக்கான பறவைகள் வாழும் பெருங்கூட்டத்தில், ஒரே ஒடுங்கு பண்பைச் சுமக்கும் இரண்டு பறவைகள் இணைவது அரிது. அதனால், பிறழ்ந்த நிறம் தலைமுறை தலைமுறையாக ஒளிந்தே கிடக்கும்.

கூண்டில் நிலைமை வேறு. பருந்து இல்லை. பறவைகளும் சிலவே, அவற்றுள் பல ஒன்றுக்கொன்று உறவு. எனவே, ஒளிந்திருந்த பண்புகள் எளிதில் சந்தித்துக்கொள்கின்றன. புதுநிறம் தோன்றியதும் மனிதர் அதை விரும்பித் தனியே எடுத்துப் பெருக்குகின்றனர். நிறத்தை மனிதர் படைப்பதில்லை. தோன்றிய நிறத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். இயற்கை கைவிடுவதையும் மனிதரின் தேர்வு காப்பாற்றி வைக்கிறது.

இந்தத் தேர்வின் வரலாறு நீண்டது. வெண்முதுகுச் சில்லை என்னும் பறவை நம் நாட்டிலும் உண்டு. மலாய்மொழியில் அதைப் பிப்பிட் துலி என்பர். ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்பு, இந்த இனத்துப் பறவைகள் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே அவை தலைமுறை தலைமுறையாக வீட்டுக் கூண்டில் வளர்ந்தன. வெள்ளை, பழுப்பு, வெள்ளைத் திட்டுகள் கொண்டவை எனப் பல நிறங்கள் தோன்றின. ஜூஷிமாட்சு என்று ஜப்பானியர் அழைக்கும் அந்த வளர்ப்புப் பறவை இன்று எந்தக் காட்டிலும் இல்லை. கசுவோ ஒக்கனோயா என்னும் ஜப்பானிய அறிவியலாளர் அதன் பாட்டையும் அதன் காட்டு மூதாதையின் பாட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். காட்டுப் பறவையின் பாட்டு எளியது. கூண்டில் வளர்ந்ததன் பாட்டு பல திருப்பங்களைக் கொண்டது. பாட்டுக்காக எவரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எனினும், கூண்டு வாழ்க்கை அதன் நிறத்தை மட்டுமன்றிப் பாட்டையும் மாற்றிவிட்டது.

தேர்வு மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. கேனரித் தீவுகளிலிருந்து வந்த கேனரிப் பறவையை மனிதர் மஞ்சள் நிறத்துக்குக் கொண்டு வந்தனர். 1920களில், ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் துங்கர் என்பவர் சிவப்புக் கேனரியை உருவாக்க முயன்றார். தென்னமெரிக்காவின் வெனிசுவேலாவில் வாழும் சிவப்புச் சிஸ்கின் பறவையோடு கேனரியை இணைத்து, சிவப்புக்குரிய மரபணுவைக் கேனரிக்குக் கொண்டு சேர்த்தார். ஆனால், கிடைத்தது செம்மஞ்சள் நிறமே. மரபணு மட்டும் போதாது. கரோட்டினாய்டு நிறைந்த உணவும் வேண்டும் என்பது பின்னர்தான் தெளிவானது. அந்தச் சிவப்புக்கு ஒரு விலையும் இருந்தது. கூண்டுகளுக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்ட சிவப்புச் சிஸ்கின் இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

சரியான கணக்கு, தவறான வழி

பழுப்புக் குருவியைப் பற்றிய செய்தி உறவினரிடையே பரவியது. விடுமுறைக்கு வந்திருந்த மாமா ஒருவர் கூண்டைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

“எதற்குக் காத்திருக்கிறீர்கள், அப்பா? இந்தப் பெண்ணை அதன் தகப்பனோடே இணை சேர்த்துவிடுங்கள். ஒரே ஆண்டில் கூண்டு நிறையப் பழுப்புதான். கடையில் நல்ல விலைக்கும் எடுத்துக்கொள்வார்கள்.”

பேத்தி தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். தந்தையிடம் ‘சா’வும் ‘ப’வும் உள்ளன. மகளிடம் ‘ப’ உள்ளது. அவற்றின் குஞ்சுகளில், ஆணோ பெண்ணோ, சராசரியாகப் பாதி பழுப்பாக வரும். மாமாவின் கணக்குச் சரிதான். ஆயினும், அவள் மனம் ஒப்பவில்லை. மறுபடியும் ஆசிரியையிடம் கேட்டாள்.

“கணக்குச் சரி, வழி தவறு” என்றார் ஆசிரியை. “பழுப்பு ஒன்று மட்டுமே அந்தத் தந்தைக்குள் ஒளிந்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? கண்ணுக்குத் தெரியாத வேறு குறைகளும் ஒளிந்திருக்கலாம். தந்தையும் மகளும் இணைந்தால், பழுப்பு வெளிவரும் அதே வழியில் அந்தக் குறைகளும் வெளிவரும்.”

உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இணை சேர்க்கும்போது, பொரியாத முட்டைகளும் வலுவற்ற குஞ்சுகளும் மிகுதியாகின்றன. சில பண்புகள் அதைவிடக் கடுமையானவை. தலையில் தொப்பி வைத்தாற்போல் கொண்டையுள்ள கேனரிகள் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் கொண்டைக்குரிய மரபணுவைப் பெறும் கரு முட்டையிலோ பொரிந்த சில நாளிலோ இறந்துவிடும். அதனால்தான், விவரம் அறிந்தவர்கள் கொண்டையுள்ள கேனரியைக் கொண்டையில்லாத கேனரியோடு மட்டுமே இணை சேர்க்கின்றனர். அழகுக்காகச் செய்யும் தேர்வு, அறியாமையால் உயிரைப் பறிக்கும் தேர்வாகவும் மாறிவிடலாம்.

பேத்தி இதை வீட்டில் சொன்னபோது, தாத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இது பால்மரத்தின் கதைதான், பாப்பா” என்றார்.

தோட்டத் தொழிலாளர் பலரும் அறிந்த கதை அது. 1876ஆம் ஆண்டு, ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அந்தச் சிறு தொகுதியே மூலமாயிற்று. பின்னர், ரப்பர் ஆய்வுக் கழகம் பால் மிகுந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கன்றுகளாகப் பெருக்கியது. தாத்தா பல ஆண்டு வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 அப்படி வந்த மரம்தான்.

பால் பெருகியது. ஆனால், ஓர் அச்சமும் கூடவே வளர்ந்தது. தென்னமெரிக்காவில் இலைக்கருகல் என்னும் பூஞ்சண நோய் ரப்பர் தோட்டங்களை அழித்திருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த மரங்களுக்கு அந்த நோய் பரவினால், ஒன்றைத் தாக்குவது எல்லாவற்றையும் தாக்கும். எனவேதான், 1981ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று அமேசான் காடுகளுக்குச் சென்று புதிய ரப்பர் விதைகளைத் திரட்டியது. அவற்றில் ஒரு பங்கு மலேசியாவுக்கும் வந்தது. எவ்வளவு உயர்ந்த ஒட்டுமரமாயினும், அதற்கு ஒரு நாள் காட்டு மரத்தின் துணை தேவைப்படுகிறது.

“மரத்துக்கே இப்படி என்றால் குருவிக்குச் சொல்ல வேண்டுமா?” என்றார் தாத்தா. “நிறம் மெதுவாக வரட்டும். குஞ்சு நலமாக இருந்தால் போதும்.”

காட்டில் இருக்கும் மூலம்

தாத்தாவின் சொல் கூண்டுக் குருவிகளுக்கு அப்பாலும் பொருந்தும். ஜெலாத்திக் என்று மலாய்மொழியில் அழைக்கப்படும் ஜாவாச் சிட்டைப் பலர் பார்த்திருப்பர். சாம்பல் உடல், கறுத்த தலை, வெண்கன்னம், தடித்த சிவந்த அலகு ஆகியவை அதன் அடையாளங்கள். ஜாவா, பாலி தீவுகள் அதன் தாயகம். மனிதர் கொண்டு வந்ததால் மலேசியாவிலும் வேறு பல நாடுகளிலும் அது பரவியது. கூண்டுகளில் அதற்கு வெள்ளை, வெள்ளி, பழுப்பு எனப் பல நிறங்கள் உண்டு. உலகெங்கும் கூண்டுகளில் பெருகிய அப்பறவை, தன் தாயகத்தில் அருகிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ஆபத்திலுள்ள இனமாக அறிவித்துள்ளது. கூண்டு வணிகத்துக்காக அளவின்றிப் பிடித்ததே அதன் முதன்மைக் காரணம்.

கூண்டில் ஆயிரம் வெள்ளைச் சிட்டுகள் இருந்தாலும், காட்டில் இழந்த ஒரு கூட்டத்துக்கு அவை ஈடாகா. கூண்டுப் பறவையின் மரபணுத் தொகுதி சிறியது. காட்டுப் பறவையினது பெரியது. கூண்டில் வளர்ந்த குருவியைத் திறந்துவிடுவதும் தீர்வன்று. அதற்கு இரை தேடவும் பகைக்கு ஒளியவும் தெரியாது. வேற்று நாட்டுப் பறவை தப்பிப் பெருகினால், இங்குள்ள பறவைகளின் இரைக்கும் இடத்துக்கும் அது போட்டியாகலாம்.

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பிடிக்கவோ வளர்க்கவோ விரும்புபவர், பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். பறவை வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா?” என்பதே.

குறிப்பேடு

பழுப்புக் குருவியின் கதைக்குத் திரும்புவோம். தாத்தா கெமஞ்சேயில் உள்ள தம் பழைய நண்பரிடம் பேசினார். அவரிடமும் ஜீப்ரா ஃபின்ச்சுகள் இருந்தன. வேறு இடத்திலிருந்து வந்தவை. இரு வீட்டாரும் ஓர் ஆண் குருவியை மாற்றிக்கொண்டனர். புதிதாக வந்த சாம்பல் ஆணும் பழுப்புப் பெண்ணும் இணைந்தன. லாலாங் புல்லால் கூடு கட்டின. தாத்தா தினையோடு கீரையும், முட்டை ஓடு உறுதியாக அமையக் கணவாய் ஓடும் வைத்தார்.

நான்கு குஞ்சுகள் பொரிந்தன. இறகு முளைத்தது. நான்கும் சாம்பல்!

பார்க்க வந்த மாமா, “நான் அப்போதே சொன்னேனே! இப்போது பழுப்பே போய்விட்டது பாருங்கள்” என்றார்.

பேத்தி சிரித்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும். கன்னப் பொட்டு எழும் வரை காத்திருந்தாள். நான்கில் இரண்டு ஆண், இரண்டு பெண். ஒவ்வோர் ஆணும் தாயிடமிருந்து ‘ப’வைக் கட்டாயம் பெற்றிருக்கும். பெண்களோ தந்தையின் ‘சா’வை மட்டுமே பெற்றவை. ஆண் குருவிகள் இரண்டின் காலிலும் தாத்தா சிறிய நீல வளையம் மாட்டினார். பேத்தி ஒரு குறிப்பேட்டைத் திறந்து, பிறந்த நாள், பெற்றோர், வளையத்தின் நிறம் ஆகியவற்றை வரிசையாக எழுதினாள். கடைசிக் கட்டத்தில் இப்படி எழுதினாள்: “பார்வைக்குச் சாம்பல். உள்ளே பழுப்பு உண்டு.”

“இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாதே, தாத்தா” என்றாள்.

“அதனால்தான் எழுதி வைக்கிறோம், பாப்பா. எங்கள் கங்காணி ஒவ்வொரு நிரைக்கும் கணக்கு எழுதுவார். நீ ஒவ்வொரு குருவிக்கும் எழுது” என்றார் தாத்தா.

நீல வளையம் போட்ட இரண்டும் தந்தையின் அருகில் அமர்ந்து பாடிப் பழகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு உறவில்லாத இணையைத் தேட இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பு எங்கும் போய்விடவில்லை. அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

சிந்தித்துப் பேசுக

1. இரண்டாம் ஈட்டில் தோன்றிய பழுப்புக் குஞ்சு பெண்தான் என்பதை ஆசிரியை எவ்வாறு முடிவு செய்தார்?
2. மாமாவின் யோசனையை ஆசிரியை “கணக்குச் சரி, வழி தவறு” என்று கூறியது ஏன்?
3. பால்மரத்தின் கதைக்கும் கூண்டுக் குருவியின் கதைக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
4. நீல வளையம் அணிந்த ஓர் ஆண் குருவி, உறவில்லாத ஒரு பழுப்புப் பெண் குருவியோடு இணைந்தால் எத்தகைய குஞ்சுகள் பிறக்கலாம்? கணக்கிட்டுக் கூறுக.